தெர்மகோல் பெட்டியும் மதுரை ரோடும்

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தம்பி, பைக்கின் பின் சீட்டில் வெள்ளைத் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறக்கும்போது 'கிறீச்' என்று பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். போன வாரம் நகரையைத் தூக்கிக் காட்டுவதற்காக மூடியைத் திறந்தார். நான் விலை கேட்கவில்லை. பெட்டியின் உள்சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா, ஐஸ் பத்தலையா?" என்று கேட்டார். நான் தொட்டுப் பார்த்தது சூடு இருக்கிறதா என்று. அவரிடம் அதை எப்படிச் சொல்வது?

அந்த மாதிரிப் பெட்டிகளில் மீனை விடக் குழந்தைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ராமநாதபுரம் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் வெகுகாலம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். மூச்சு மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டிய குழந்தை என்றால் மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ரோடு. இப்போது நாலு வழிச்சாலையில் பாதி ஊர்கள் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டன. அப்போது பரமக்குடி, பார்த்திபனூர், மானாமதுரை, திருப்பாச்சேத்தி, திருப்புவனம் என்று ஒவ்வொரு கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து வெளியே வரவேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும். பேட்டரியில் ஓடுகிற இன்குபேட்டரை நாங்கள் புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தோம். அதனால்தான் மீன் பெட்டி.

மீன் ஏற்றுமதி செய்கிற பாய் ஒருவர் புதுப் பெட்டிகளாகப் பார்த்து எங்களுக்கென்று எடுத்து வைப்பார். மூடியை முகர்ந்து காட்டி, "வாடை படாத பெட்டி சிஸ்டர்" என்று சொல்லித்தான் தருவார். காசு வாங்கமாட்டார். எங்கள் ஆயாம்மா கத்தியைச் சூடு பண்ணிப் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போடுவார். ஒன்று ஆக்ஸிஜன் குழாய்க்கு, இன்னொன்று குளுக்கோஸ் லைனுக்கு. மூடியின் நடுவில் சதுரமாக வெட்டியெடுத்துக் கண்ணாடித்தாள் ஒட்டுவோம். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது வெளியிலிருந்து தெரிந்தாக வேண்டும். உள்ளே பஞ்சு, அதன்மேல் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித்துணி. வெந்நீர்ப் பை அந்தத் துணிக்கும் அடியில்தான் இருக்கும், உடம்பில் படவே கூடாது. ரப்பர் கையுறையில் வெந்நீரை நிரப்பிப் பக்கத்திலேயே வைத்து, தோல் கொப்பளித்துப்போய் எங்களிடம் வந்து சேர்ந்த குழந்தைகளும் உண்டு.

எங்கள் ஊர் வெயிலில் குளிர் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். பிறந்த ஈரம் சரியாகத் துடைக்காத குழந்தைக்கு மே மாதத்து ஃபேன் காற்றே போதும். பச்சைக் குழந்தையின் சூடு 36.5லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். குறைமாதத்துக் குழந்தைக்கு அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கக் கொழுப்பு கிடையாது. சூடு இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், பிறகு மூச்சும் தளரும். முதலில் பாதத்தைத் தொட வேண்டும், பிறகு வயிற்றை. வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்று இருந்தால், குழந்தை சூட்டுக்காகத் தன் சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே சில்லென்று இருந்தால் வண்டி கிளம்பக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதர் வந்து சொன்னாலும் சரி.

கிளம்பாமல் நிற்கும் அந்த நேரத்தில்தான் என் வேலைக்காலத்தின் வசவு மொத்தமும் வாங்கினேன்.

வேன் வாசலில் நிற்கும். டிரைவர் அண்ணன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார். சொந்தபந்தம் முழுக்க வார்டு வாசலில் கூடிவிடும். "ஏந்தாயி, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, நீ பாட்டுக்குப் பஞ்சைச் சுத்திக்கிட்டு நிக்கிறியே, ஒனக்கு ஈவு இரக்கம் இருக்கா?" என்று ஒரு அப்பத்தா நெஞ்சில் அடித்துக்கொள்வார். மதுரைக்குப் போய்விட்டால் பிள்ளை பிழைத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதில் தப்பில்லை, எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் மதுரைக்கு முன்னால் பரமக்குடி இருக்கிறதே! ஓடுகிற வண்டியில், டார்ச் வெளிச்சத்தில், ஒரு கிலோ எண்ணூறு கிராம் குழந்தைக்கு நரம்பு தேட யாராலும் முடியாது. வார்டு வெளிச்சத்திலேயே அது நூல் மாதிரிதான் தெரியும். ஒரு லைன் அடைத்துக்கொண்டால் இன்னொன்று வேண்டும் என்பதற்காக இரண்டு லைன் போட்டு, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டையை வெட்டிக் கைக்கும் காலுக்கும் முட்டுக் கொடுத்துக் கட்டுவோம். சர்க்கரை பார்த்து, குறைவாக இருந்தால் ஏற்றிவிட்டுத் திரும்பவும் பார்ப்போம். வயிற்றில் காற்று சேர்ந்து நெஞ்சை அழுத்தாமல் இருக்க மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ஒரு சின்னக் குழாய். வாசலில் சத்தம் கூடிக்கொண்டே போகும்.

இதில் டியூப்தான் பெரிய கவலை. மூச்சுக்குழலில் போடுகிற டியூப்பை எத்தனை சென்டிமீட்டரில் நிறுத்துவது என்பதற்கு எங்கள் மயக்க டாக்டர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். குழந்தையின் எடை எத்தனை கிலோவோ அதோடு ஆறைக் கூட்ட வேண்டும். மூன்று கிலோ என்றால் உதட்டருகே ஒன்பது. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மொத்தமே நாலைந்து சென்டிமீட்டர்தான். மோவாய் கீழே சாய்ந்தால் டியூப் உள்ளே இறங்கி ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடும். தலை பின்னால் சாய்ந்தால் வெளியே வந்துவிடும். மேல் உதட்டில் பிளாஸ்டரை ஒட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைத்து, ஒன்பது என்ற கோடு எங்கே நிற்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதி, என் உள்ளங்கையிலும் பேனாவால் எழுதிக்கொள்வேன். கேஸ் ஷீட் காற்றில் பறக்கும், கை எங்கே போய்விடும்?

டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்கு வருமுன் உப்பு லாரி ஓட்டியவர். வேகத்தில் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. "லாரியில மூட்டை சரிஞ்சா எறங்கி அடுக்கிக்கலாம் சிஸ்டர், இதுல சரிஞ்சா என்னத்த அடுக்குறது?" என்பார். அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடம். "பள்ளம்!" என்று முன்னாலிருந்து குரல் வரும். உடனே இரண்டு விரலால் உதட்டோடு சேர்த்து டியூப்பைப் பிடித்துக்கொள்வேன். வண்டி இறங்கி ஏறும். "சரி" என்பார். விரலை எடுப்பேன். "மேடு!", "வளைவு!", "மாடு!" என்று மதுரை வரைக்கும் அந்தக் குரல் வந்துகொண்டே இருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு பேச்சே இருக்காது. சைரனை ஊருக்குள் மட்டும்தான் போடுவார். அதைக் கேட்டு மிரண்டு குறுக்கே பாய்கிற சைக்கிள்காரர்கள், வழிவிடுகிறவர்களை விட அதிகம் என்பது அவர் கட்சி.

ரயில்வே கேட் போட்டிருந்தால் முன்சீட்டில் இருக்கும் தகப்பன் தலையில் அடித்துக்கொள்வார். ராமேஸ்வரத்து ரயில் எப்போது போய், கேட் எப்போது திறப்பது? வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்கள் கூடையோடு ஜன்னலுக்கு வந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பின்வாங்குவார்கள். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை: கேட் போட்டிருந்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஓடுகிற வேனில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் எஞ்சின் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்காது. கேட்டில் டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, "பாத்துக்கங்க சிஸ்டர்" என்பார். வலது பக்கம் காற்று போகிறதா, இடது பக்கம் போகிறதா, சளி அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான் தெரியும். சளியை எடுக்க, காலால் மிதிக்கிற சக்ஷன் வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் ஒரு முனை குழந்தையின் வாயிலும் இன்னொரு முனை நம் வாயிலுமாக வைத்து உறிஞ்சுகிற சின்னப் புட்டிதான் இருந்தது. இன்றைய நர்ஸ் பிள்ளைகள் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஆக்ஸிஜன் கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தாளில் போட்டுப் பார்ப்போம். வேனில் ஏற்றுகிற பி டைப் சிலிண்டரில் நிறைந்திருந்தால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் போனால் ஐந்து மணி நேரம் வரும். பெரிய குழந்தைக்குப் பத்து லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரத்தில் காலி. எங்கள் ரோடோ மூன்று மணி நேரம். அதனால் எந்தக் குழந்தையானாலும், பயண நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்வது வழக்கமாயிற்று. சிலிண்டரைக் கயிறு போட்டுக் கட்டாமல் டிரைவர் அண்ணன் சாவியைத் தொடமாட்டார். ஒரு பிரேக்கில் அது உருண்டு வந்தால் பெட்டி என்ன ஆகும் என்று அவர் வாயால் சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை.

மூச்சு மெஷின் இல்லாததால் எல்லாம் கைதான். ஆம்பு என்று நாங்கள் சொல்கிற ரப்பர்ப் பை, அமுக்கினால் காற்றைத் தள்ளும், விட்டால் தானே உப்பிக்கொள்ளும். 1956ல் டென்மார்க்கில் ரூபன் என்ற மயக்க டாக்டரும் ஹெஸ்ஸே என்ற எஞ்சினியரும் சேர்ந்து கொண்டுவந்த சாமான் அது. அதற்கு நாலு வருடம் முன்னால் கோபன்ஹேகனில் போலியோ பெரிதாகப் பரவி, மூச்சு நின்றுபோன நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு உட்கார்ந்து, ராப்பகலாகக் கையாலேயே பையை அமுக்கிக் காப்பாற்றினார்களாம். இந்தக் கதையை எங்கள் மயக்க டாக்டர் சொன்னபோது மதுரை ரோட்டில் எனக்குக் கை மரத்துப்போவது கொஞ்சம் கௌரவமாகத் தோன்றியது. நிமிடத்துக்கு நாற்பது தடவை என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் அமுக்க வேண்டும்.

ஒருவரால் ஆகிற காரியமா? மாற்றி மாற்றிப் பிடிக்க வார்டு பாய் வருவார். வார்டு பாய் கிடைக்காத அன்று தகப்பனுக்கே சொல்லிக்கொடுப்போம். பனையேறி ஒருவர் வந்திருந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, ஒரு விரல் என் இரண்டு விரல் கனம். அவர் கையில் ஆம்புவைக் கொடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சு இருபது மில்லிகூட வராது. முழுக் கையால் பிசைந்துவிட்டால் நுரையீரல் கிழிந்து நெஞ்சில் காற்று நிரம்பிவிடும். "ரெண்டு விரல் போதும்ணே, நெஞ்சு லேசா எந்திரிச்சா போதும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் பார்த்திபனூரில் ஆரம்பித்தவர், திருப்புவனம் வரைக்கும் கண் சிமிட்டினாரா என்று தெரியாது. "கை மாத்துறேன்" என்று நான் இரண்டு முறை கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

பெரும்பாலும் தகப்பன்மார்தான் வருவார்கள். தாய்க்கு ஆபரேஷன் பண்ணித் தையல் போட்டிருக்கும், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருப்பாள். பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். மூடியை மூடுமுன் பெட்டியை அவள் கட்டிலருகே கொண்டுபோய்க் கண்ணாடித்தாள் வழியாகக் காட்டுவதை நான் ஒரு முறையாகவே வைத்திருந்தேன். அதற்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கும் வெளியே வசவு விழும். இப்போது தாயையும் கூடவே அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள். மூச்சுக்கு மெஷின் வேண்டாத குறைமாதக் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டிக் கட்டியே அனுப்பலாம் என்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரி ஒன்றில் 1970களின் கடைசியில் தொடங்கிய முறையாம். எங்கள் ஊர் ஆத்தாமார் குழந்தையை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு வந்தபோது, "இங்க குடுங்க" என்று வாங்கித் துணிமேல் கிடத்தியவர்கள் நாங்கள்.

சாமி சாமான்கள் தனிக்கதை. விபூதிப் பொட்டலம், வேளாங்கண்ணி மாதா படம், பள்ளிவாசலில் ஓதிக் கட்டிய தாயத்து, கண்ணேறு கழிய வசம்பு வளையல் என்று எல்லாம் பெட்டிக்குள் வரப் பார்க்கும். விபூதியை ஊதி நெற்றியில் பூச வந்தால் டியூப்புக்குள் போய்விடுமே! "எல்லாத்தையும் குடுங்க, ஒண்ணும் விடாம வைக்கிறேன்" என்று வாங்கி, மூடியின் வெளிப்பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவேன். மதுரையில் இறங்கும்போது பெட்டியைப் பார்த்தால் எல்லா மதமும் சேர்ந்து காவல் வந்த மாதிரி இருக்கும். அங்கே குழந்தைகள் வார்டில் இருந்த ஒரு சிஸ்டர் அவற்றைத் தூக்கிப் போடாமல், அப்படியே பிரித்து வார்மரின் கால்மாட்டில் திரும்ப ஒட்டிவைப்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லண்டனில் சில வருடம் இருந்துவிட்டு வந்த குழந்தை டாக்டர் ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தார். அங்கே கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சார்ந்து 2001லிருந்து ஒரு குழு இருக்கிறதாம். சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் நர்ஸும் மெஷினோடு அங்கேயே போய் இறங்குவார்களாம். போனதும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். கட்டிலருகே நின்று டியூப், லைன், மருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார்களாம். அதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகுமாம். நான் பக்கத்தில் இருந்த ஆயாம்மாவைப் பார்த்தேன். "அங்க அப்பத்தாமாரு யாரும் திட்டமாட்டாகளா?" என்று அவர் என் காதில் கேட்டார்.

2008ல் 108 வந்த பிறகு காரியங்கள் மாறின. வண்டியிலேயே பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். பிற்பாடு பச்சைக் குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டரும் மூச்சு மெஷினும் வைத்த வண்டிகள் வந்தன. எனக்கு அவற்றை விடப் பெரிதாகத் தோன்றியது செல்போன். முன்பெல்லாம் பெட்டியோடு போய் வாசலில் நின்று, யாரிடம் கொடுப்பது என்று தேடுவோம். இப்போது கிளம்புமுன்னே எடை, டியூப் அளவு, எந்த மருந்து எவ்வளவு என்று எல்லாம் சொல்லிவிடலாம். இங்கிருந்து அனுப்புகிற டாக்டருக்கு அங்கிருப்பவர் யோசனையும் சொல்லலாம். நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு அப்படித்தான் நடந்தது. ஆக்ஸிஜன் எவ்வளவு வைத்தும் நீலம் மாறவில்லை. இதயத்தில் பிறவிக்கோளாறு, பிறந்த சில நாளில் மூடிக்கொள்கிற ஒரு ரத்தக்குழாயை மூடவிடாமல் மருந்து ஏற்ற வேண்டும் என்று போனிலேயே முடிவானது. புரோஸ்டாகிளாண்டின் என்ற அந்த மருந்து ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும். ஆனால் சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும். ஆகவே நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு, நாங்கள் முன்கூட்டியே டியூப் போட்டுத்தான் ஏற்றினோம். அதை வீட்டாருக்குப் புரியவைத்த அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். அந்த மருந்தின் மீதிக் குப்பிகள் ஐஸ் போட்ட தெர்மகோல் பெட்டியில் கூடவே வந்தன.

குழந்தை மயக்கத்தில் கிடந்தாலும் வழிநெடுகப் பேசிக்கொண்டே போவது என் பழக்கம். "இந்தா பரமக்குடி வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரந்தான், சிஸ்டர் இங்கதான் இருக்கேன்" என்று எதையாவது சொல்வேன். கூட வரும் நர்ஸ் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் ஒரு கட்டுவிரியன்.

கரைவலை இழுப்பவரின் மகன், நாலாங்கிளாஸ் படிக்கிறவன். ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவனுக்கு விடிகாலையில் வயிற்றுவலி. தின்றது சேரவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது இமை இரண்டும் பாதி இறங்கி, பேச்சு மூக்கால் வந்தது. கடிவாய் எங்கேயும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பலருக்கும் தெரியாது, வலியும் இருக்காது. டாக்டர் இமையைப் பார்த்ததுமே பாம்பு என்றார். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி; குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துப் போடுவதில்லை. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே எச்சில் விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்கியது, மூச்சு மேலோட்டமாக ஆனது. மயக்க டாக்டரை வரவழைத்து டியூப் போட்டு, ஆம்பு கையில் எடுத்து, மருந்து முடியும் வரை காத்திருந்தோம்.

அவ்வளவு நேரமும் தகப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார். என் குலம், கோத்திரம், பெற்றவள், பிறந்த ஊர் எதையும் பாக்கி வைக்கவில்லை. எனக்கு முன்னால் கிடந்த பையனோ கண் மூடி, கை கால் துவண்டு, கட்டை மாதிரி கிடந்தான். அந்த விஷம் தசைகளைத்தான் கட்டிப்போடும். காதுக்கும் மூளைக்கும் அது ஒன்றும் செய்யாது என்று படித்திருந்தோம். அந்த நேரத்தில் யாருக்கு அது நினைவில் இருந்தது?

சில வாரம் கழித்து அப்பனும் மகனும் வார்டுக்கு வந்தார்கள். பையன் கையில் ஒரு பை, பை நிறைய நண்டு. "சிஸ்டர், நீங்க பேசுனது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு" என்றான். மானாமதுரையில் டிரைவர் அண்ணனும் வார்டு பாயும் எந்தக் கடைப் புரோட்டா நல்லா இருக்கும் என்று பேசியதைச் சொன்னான். அப்போது தனக்குப் பசித்தது, சொல்ல முடியவில்லை என்றான். கேட்டில் ரயில் போனதைச் சொன்னான். பிறகு தகப்பனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா ஜன்னல்ல நின்னு உங்கள என்னென்ன சொல்லித் திட்டுனாருன்னும் தெரியும்" என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கத் தொடங்கினான். வார்டில் இருந்த தாய்மாரெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தகப்பன் நண்டுப் பையை வாங்கிக்கொண்டு அதற்குள் எதையோ தேடினார்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னும் கேட்டுச்சு சிஸ்டர்" என்றான் பையன்.

நான் வாய்க்குள் முணுமுணுத்ததாகத்தான் நினைத்திருந்தேன். அவன் அதையும் சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆயாம்மா, இவனுக்கு ரெண்டு பிஸ்கட் எடுத்துக் குடுங்க, சீக்கிரம்" என்றேன்.